நேர்ந்துவிட்ட முடி

ஆட்டையும் கோழியையும் சாமிக்கு நேர்ந்துவிடுவார்கள். என் அம்மா என் முடியை நேர்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டைக் கேட்டுக்கொண்டா நேர்ந்துவிடுகிறோம் என்று நினைத்திருக்கலாம்.

தம்பி டிங்கிக் காய்ச்சலில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அன்றைக்குத்தான் அம்மா வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மனிடம் மனசுக்குள் பேசி முடித்திருக்கிறாள். நான் பக்கத்து நாற்காலியில் அவளுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி பிழைத்தான். வீட்டுக்கு வந்து, இரண்டு மங்கு கஞ்சி குடித்து, மூன்றாவதும் கேட்டான். அந்த மங்கைக் கழுவிக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள்.

“திருவிழாவுக்கு லீவு போட்டுரு. முடி எடுக்கணும்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான். தம்பிக்காக வேண்டியிருக்கேன்.”

நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால் இந்த முடியின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் அம்மா மாதிரியே “போனா மயிருதானே” என்று சொல்லிவிடுவீர்கள்.

என்னுடையது சுருட்டை முடி. “சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்” என்று தோட்டத்தில் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் ஈப்போவில் வேலை தேடிப் பார்த்ததில்லை. இருபத்தாறு வயதில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசை வேலைக்குப் போனேன். பல்லைப் பார்க்கிற இடத்தில் முதல் நாளே என் முடியைத்தான் பார்த்தார்கள். “சேராபுட்” என்றார் அங்கிருந்த மேனேஜர் அம்மாள். மலாயில் அதற்குக் கலைந்து சிக்கல் பிடித்துக் கிடப்பது என்று பொருள். காலையில் அரைமணி நேரம் மல்லுக்கட்டி வாரிப் பின்னிய தலை அது. ஒரு மயிர் கூட வெளியே வரவில்லை. இருந்தாலும் சேராபுட்டாம்.

மறு மாதமே முடியை நேராக்கும் கடைக்குப் போய் ரீபாண்டிங் செய்துகொண்டேன். நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். அழுகிய முட்டை வாசம் வரும், கண்ணில் நீர் வடியும், எழுந்து பார்த்தால் முடி மீஹூன் சேமியா மாதிரி நேராகத் தொங்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லக் கூடாது. பஸ்ஸில் போகும்போது கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வருவேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அடியில் சுருள் எட்டிப் பார்க்கும். உடனே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வேன். இப்படிப் பதினொரு வருடம். என் முடி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோனது.

பன்னிரண்டாவது வருடம் ஒரு சனிக்கிழமை. கடையில் கூட்டம். என் தலையில் மருந்தைப் பூசிவிட்டு வேறு தலைக்குப் போய்விட்டார்கள். எரிகிறது என்று சொன்னேன். “சிக்கிட் லாகி” என்றார்கள், இன்னும் கொஞ்சம்தான் என்று. மறுபடியும் எரிந்தது. இன்னொரு முறை சொன்னால் தொந்தரவு பிடித்தவள் என்று நினைப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைக்காரியைக் கூட மன்னித்துவிட்டேன். எரிகிற தலையோடு மரியாதையாக உட்கார்ந்திருந்த என்னைத்தான் இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் முடி கையோடு வந்தது. உச்சியில் ஒன்றும் காதுக்குப் பின்னால் ஒன்றுமாக, உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடம் வெறும் தோலாகிவிட்டது. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையை என் கணவர் நான் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சுத்தம் செய்வார். ஒன்றும் பேச மாட்டார். அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. மிச்சம் இருந்ததை நானே கத்தரித்து விரல் நீளத்துக்குக் கொண்டுவந்தேன். தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். தோல் டாக்டர் ஒரு களிம்பு கொடுத்து, “தலையைச் சும்மா விடுங்க, அது போதும்” என்றார். சும்மா விடுவதா? பதினொரு வருடம் கண்டவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மாதானே இருந்தேன்? புண் ஆறும் வரைக்கும் காத்திருந்தேன். ஆறிய மறுநாள் தலைக்கு எண்ணெய் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தேன்.

இந்த மாதிரி விஷயத்தைச் சொன்னதும், ஓ, பாட்டன் பூட்டன் காலத்துப் பக்குவமா என்று சிலர் உருகுவார்கள். ஒரு மண்ணும் இல்லை. என் பாட்டன் பூட்டன் பால்மரம் சீவினார்கள். அம்மாவிடம் கேட்டேன், தோட்டத்தில் தலைக்கு என்ன போடுவீர்கள் என்று. “எண்ணெய் தாளிக்கவே பத்தாது, தலைக்கு வேறயா?” என்றாள். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கைப்பேசியில் முன்பின் தெரியாத பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி வெங்காயம் என்றாள், இன்னொருத்தி வெங்காயம் கூடவே கூடாது என்றாள். எல்லாவற்றையும் என் தலையிலேயே போட்டுப் பார்த்து நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

சிலிபினில் எங்கள் வீட்டு வாசலில், கால்வாய் ஓரமாக ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. பக்கத்து வீட்டு வேலியில் செம்பருத்தி. இந்த நாட்டின் தேசிய மலர் அது, மலாய்க்காரர்கள் புங்கா ராயா என்பார்கள். நான் அதைப் பறித்து அம்மியில் வைத்து அரைத்துத் தலையில் அப்பிக்கொண்டேன். முதல் தடவை எண்ணெய் காய்ச்சியபோது அவசரத்தில் தீயைக் கூட்டிவிட்டேன். வெந்தயம் கருகியது. கணவர் லாரி ஓட்டிவிட்டு வந்தவர் அடுப்படியை எட்டிப் பார்த்து, “கொழம்பு புடிச்சிருச்சா?” என்று கேட்டார்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு காய்ச்சுவேன். தேங்காய் எண்ணெயைச் சின்னத் தீயில் வைக்க வேண்டும். கறிவேப்பிலையைக் கழுவி நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும், ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், பிறகு போத்தலில் பூசணமும் பிடிக்கும். முதலில் இலை, பிறகு செம்பருத்தி, வெந்தயம் கடைசியில். இலை சடசடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் அடங்குகிற நேரத்தில் சட்டியை இறக்கிவிட வேண்டும். மணம் வரட்டும் என்று நின்றால் கருகிவிடும். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டினால் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு நிறம். வாரத்துக்கு இரண்டு நாள் விரல் நுனியால் மண்டையில் தேய்ப்பேன். சனிக்கிழமை சிகைக்காய். கடைசியாகத் தேத்தண்ணீர்.

தேத்தண்ணீர் என்றதும் கணவர் இன்னும் சிரிக்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேத்தூளைக் கெட்டியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, அலசிய முடியில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் முடிக்கு ஒரு கருமையும் பளபளப்பும் வரும். அன்றைக்குத் தலையை அலசி முடித்த பிறகுதான் வீட்டில் தேத்தூள் இல்லை என்று தெரிந்தது. ஈரத்தலையோடு நின்றுகொண்டு கணவரை முனைக்கடைக்கு விரட்டினேன். “நல்லா கெட்டியா தே ஓ, நாலு பொங்குஸ்” என்றேன். பால் ஊற்றாத தேநீர் நான்கு பொட்டலம். அவரும் வாங்கி வந்து கொடுத்தார். பையோடு பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவைத்து, நான்கையும் தலையில் கவிழ்த்தேன். கால் மணி நேரத்துக்கு அப்புறம் விரலை விட்டால் உள்ளே போகவில்லை. முடி விறைத்துக்கொண்டு நின்றது. துண்டு கழுத்தில் ஒட்டியது. நாக்கில் பட்ட ஒரு சொட்டு தித்தித்தது.

இந்த நாட்டில் பிறந்து, நாற்பது வருடமாகக் கடையில் தேநீர் குடித்தவள் நான். “கோசோங்” என்று சொல்லாவிட்டால் தே ஓவில் சீனி வரும் என்பது பால்குடி மறக்காத குழந்தைக்குக் கூடத் தெரியும். தலைக்குத்தானே என்ற நினைப்பில் அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. கொடியில் போட்ட துண்டை நோக்கிச் சாயங்காலத்துக்குள் எறும்பு வரிசை கட்டிவிட்டது.

“நீ தே ஓன்னுதானே சொன்ன? கோசோங்னு சொல்லலியேலா.”

“எறும்பு உங்க தலைக்கு வந்தாத்தான் தெரியும்.”

“என் தலையில எறும்புக்கு என்னா இருக்கு? வந்தாலும் வழுக்கி விழுந்துரும்.” அவருக்கு முன்மண்டை வழுக்கை.

ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அன்றைக்குத்தான் என் தலையைப் பற்றி நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வெறும் தோலாக இருந்த இடத்தில் ஐந்தாவது மாதம் பூனை முடி வந்தது. பிறகு கறுத்தது. பிறகு சுருண்டது. எண்ணெய்தான் முளைக்க வைத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். களிம்பாக இருக்கலாம், அந்த நாற்காலியில் போய் உட்காராமல் இருந்ததாலும் இருக்கலாம். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பதினொரு வருடம் என் தலையைக் கண்டவர்கள் தொட்டார்கள். இப்போது நான் தொட்டேன். மூன்று வருடத்தில் சுருள் தோளைத் தாண்டியது. நனைத்து இழுத்தால் பாதி முதுகு வரும்.

தலைத்துணியை அவிழ்த்து, வாரி முடிந்துகொண்டு கிளினிக்குக்குப் போன அன்று மேனேஜர் அம்மாள் வாயைத் திறந்தார். எண்ணெய் வாசம் வேறு அடிக்கிறது என்று மூக்கைச் சுளித்தார். இந்தத் தலையைப் பார்த்து யாராவது பல் பிடுங்காமல் திரும்பிப் போனால் சொல்லுங்கள், அன்றைக்கே வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். யாரும் திரும்பிப் போகவில்லை. பல்வலிக்காரனுக்கு என் முடியா முக்கியம்?

இந்த முடியைத்தான் என் அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாள்.

இப்போது நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். “முடியாது” என்றேன். அம்மா மங்கைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

“என்னடி முடியாது? சாமி விஷயம்.”

“வேண்டுனது நீ. உன் முடியக் குடு.”

“என்னுது சாமிக்குக் குடுக்கிற மாதிரியா இருக்கு? எலி வாலு. குடுக்கிறதுன்னா நல்லதைத்தானே குடுக்கணும்? நம்ம குடும்பத்துல உன்னுதுதான் அழகான முடி.”

நாற்பத்து மூன்று வயது எனக்கு. என் முடி அழகு என்று என் அம்மா அன்றுதான் முதல் முறையாகச் சொன்னாள். சொன்னது அதை எடுத்துக் கொடுக்கிறதுக்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறது என்பார்கள். அந்தத் தேங்காய்க்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அம்மாவை நான் கெட்டவளாகச் சொல்லவில்லை. அவள் முடியை அவளே வைத்துக்கொண்ட நாள் கிடையாது. விடியும் முன்னே தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பால்மரம் சீவப் போவாள். என்ன சுற்றினாலும் பால் சொட்டி முடியில் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்ப்பாள். வராவிட்டால் கத்தரிக்கோல். என் சின்ன வயதில் அவள் தலையில் அங்கங்கே குட்டையாக நீட்டிக்கொண்டு நிற்கும். முடி என்றால் வெட்டிப் போடுகிற ஒன்று என்றுதான் அவள் வாழ்க்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. “வந்தா மலை, போனா மயிரு” என்றாள் என்னிடம். மலை வந்துவிட்டது, உன் தம்பி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான், மயிருக்கு அழுகிறாயே என்றாள்.

“அது என் மயிரும்மா” என்றேன்.

கடைசியில் தம்பியிடமே போனேன். அவனுக்காகத்தானே வேண்டுதல்? முப்பது வயது. பக்கத்தில் வழித்து, மேலே நிறுத்தி, தலையைக் கண்ணாடி முன்னால் வைத்துக்கொண்டே வாழ்கிறவன். அவனுக்கு நிச்சயதார்த்தம் பேசி முடித்திருந்தார்கள், திருவிழா முடிந்த இரண்டாவது மாதம்.

“நீயே போயி மொட்டை போட்டுக்கடா. உசுரு உன்னுது.”

“அக்கா, நிச்சயம் இருக்குலா. போட்டோவுல மொட்டையா எப்படி நிக்கிறது?”

“நான் எப்படி நிக்கிறது?”

“உனக்கென்னக்கா, உனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கோபம். கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வது போலச் சொன்னான். கல்யாணம் ஆனவளுக்கு முடி எதற்கு? எதிரே வருகிறவர்கள் பார்க்கத்தானே முடி, என்னைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? நான் பார்த்துக்கொள்வேனே, அது கணக்கில் வராதா?

இரண்டு மாதம் வீட்டில் போர். அம்மா போன் போட்டு அழுவாள். தோட்டத்தில் கூட வேலை செய்தவர்கள், இப்போது எங்கெங்கோ தாமான் குடியிருப்புகளில் இருப்பவர்கள், எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். கடைவீதியில் பார்த்தவர்கள் எல்லாம், “கூடப் பொறந்தவனுக்காக முடி எடுக்கிறியாமே, நல்ல மனசும்மா” என்று கன்னத்தைத் தொட்டார்கள். இல்லை, எடுக்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தொட்ட கையை எடுத்துக்கொண்டு போனார்கள். கணவர் மட்டும், “உன் தலை, உன் இஷ்டம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். ரெண்டும் ஒன்று என்று சொன்னதற்கும் அவரிடம் சண்டை போட்டேன்.

பயம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஒரு நாள் தம்பிக்கு லேசாக உடம்பு சுட்டது. அம்மா போனில் மூச்சு மட்டும் விட்டாள். நான் கிளினிக் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆத்தா, என் மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டு, அவனிடம் போகாதே என்று கும்பிட்டேன். அது வெறும் சளிக்காய்ச்சல். மறுநாள் அவன் ஃபுட்சால் விளையாடப் போய்விட்டான். ஆனால் ஒன்று எனக்குப் புரிந்தது. இனிமேல் அவனுக்குத் தும்மல் வந்தாலும் எல்லோரும் என் தலையைத்தான் பார்ப்பார்கள்.

திருவிழாவுக்குப் போகாமல் இருக்கலாம் என்றார் கணவர். நான் போனேன். ஒளிந்துகொள்ள நான் என்ன திருடியா? முதல் நாள் எண்ணெய் தேய்த்து, காலையில் சிகைக்காய் போட்டு, தேத்தண்ணீர் ஊற்றி அலசினேன். வீட்டில் காய்ச்சியது, சீனி இல்லாதது. காயவிட்டு, பின்னாமல், நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு போனேன்.

நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயங்கள் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். அதற்கு அப்பால் செம்பனை. கோயில் மட்டும் பழைய இடத்திலேயே, கால்வாய்க்கும் புதுச் சாலைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நிற்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். கோயிலுக்குப் பின்புறம் தண்ணீர்க்குழாய் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, ஒரு பலகையைப் போட்டு, புந்தோங்கிலிருந்து வருகிற முடிதிருத்துபவர் உட்கார்ந்திருப்பார். அறுபது வயதிருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அவர்தான் முதல் மொட்டை போட்டவர்.

அம்மா அங்கேயே நின்றிருந்தாள். தட்டில் சந்தனம், வெற்றிலை, ஒரு புதுத் துண்டு. தம்பி பக்கத்தில் கைப்பேசியோடு. சுற்றிலும் பதினைந்து இருபது பேர். அம்மா என் முடியைப் பார்த்தாள், மல்லிகையைப் பார்த்தாள்.

“வா. உக்காரு.”

“இல்லம்மா.”

“எல்லாரும் பாக்குறாங்கடி.”

“பாக்கட்டும்.”

அவள் முகம் சுருங்கியது. தட்டைத் தம்பி கையில் கொடுத்தாள். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் தானே போய்ப் பலகையில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அவள் சொன்ன எலி வால் முதுகில் விழுந்தது. “என்னுதை எடுங்க. ஆத்தா ஏத்துக்கிட்டா ஏத்துக்கட்டும், இல்லன்னா என் தலைவிதி” என்றாள். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. இந்த இடத்தில் மகள் ஓடிப்போய், வேண்டாம்மா, நான் உட்காருகிறேன் என்று அழ வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

முடிதிருத்துபவர் அவள் தலையில் தண்ணீர் தெளித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். எழுபது வயதுத் தாயை மொட்டையடிக்க விட்டு நிற்கிறவள் என்று சாகிற வரைக்கும் பேசுவார்கள். நான் அசையவில்லை. எரிகிற தலையோடு ஒரு முறை மரியாதையாக உட்கார்ந்தாயிற்று, இரண்டாம் முறை உட்கார மாட்டேன்.

அம்மாவின் கண் என்னை விட்டு நகர்ந்தது. பக்கத்தில் நின்ற தம்பியிடம் போனது. அவன் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கைப்பேசியுமாக நின்றான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை என்று இருபது பேர் பார்த்தார்கள். அவன் சொல்லவில்லை என்பதை அம்மா மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

அப்போதுதான் இரண்டு மாதச் சண்டையில் ஒரு தடவை கூட நான் கேட்காத ஒன்று எனக்குத் தோன்றியது.

“ம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னா சொல்லி வேண்டுன? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூடக்குறைய இல்லாம.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சாமியிடம் சொன்னதை மாற்றிச் சொல்ல அவளுக்கு வராது.

“‘எம் புள்ள முடியத் தர்றேன் தாயே, எம் புள்ளையக் காப்பாத்திக் குடு.’ இப்படித்தான் சொன்னேன்.”

கத்தியைக் கையில் பிடித்திருந்த முடிதிருத்துபவர் நிமிர்ந்தார். “ரெண்டும் ஒரே புள்ளதானக்கா? காப்பாத்திக் குடுத்த புள்ள அந்தா நிக்குதே” என்றார்.

யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள்.

“மொத புள்ள இவ” என்றாள் அம்மா. “நான் யார நெனச்சேன்னு சாமிக்குத் தெரியும்.”

“சாமிக்கு எல்லாம் தெரியும்லா” என்றேன். “நீ சொல்லும்போது பேரு சொல்லல. புள்ளன்னுதான் சொன்ன. அவன் உனக்குப் புள்ள இல்லியா? முடி எடுக்கிறப்ப மட்டும் நான் புள்ள, காப்பாத்துறப்ப மட்டும் அவன் புள்ளயா?”

கடைசி வாக்கியத்தை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. எத்தனை வருடமாக உள்ளே கிடந்ததோ, வந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் அழக் கூடாது என்று இருந்தேன். அழுதேன். அழுதுகொண்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

அம்மா தலையைக் குனிந்து ஈரமான தன் முடியைக் கையில் சுருட்டினாள். அதைக் கொண்டையாக முடிந்தாள். பிறகு தம்பியை நோக்கிக் கையை நீட்டினாள். “எந்திரிக்கணும். கையக் குடுடா.”

அவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கொடுத்தான். அவள் எழுந்தாள். எழுந்த பிறகும் கையை விடவில்லை. முப்பது வருடம் வாளி தூக்கிய கை அது, இழுத்தால் வராமல் இருக்க முடியாது.

“உக்காரு.”

“ம்மா, நிச்சயம் இருக்கும்மா...”

“முடி வளரும்டா. உங்கக்கா தலையப் பாரு.”

தட்டு கைமாறியது. அவன் பலகையில் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தேன். நான்கே இழுப்பில் நிறுத்தி வைத்த மேல்முடி எல்லாம் தரைக்கு வந்துவிட்டது. முடிதிருத்துபவருக்குக் கையில் நல்ல வேகம். அம்மா சந்தனத்தைக் குழைத்து அந்த மொட்டைத் தலையில் வழிய வழியப் பூசினாள். என்னிடம் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வரும்போது என் தலையில் சரிந்திருந்த மல்லிகையைச் சரியாக ஊசி குத்திவிட்டாள். அவள் கை முடியில் பட்டதும் எனக்கு மறுபடியும் கண் கலங்கியது, அதை அவளுக்குக் காட்டவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் தம்பி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சாம்பாரைப் பிசைந்தான். வெயிலில் தலை கூசியிருக்க வேண்டும், அடிக்கடி தடவிக்கொண்டான்.

“அக்கா, ரெண்டு மாசத்துல எவ்வளவு வளரும்?”

“ஒரு கட்டைவிரல் அகலம்.”

“அவ்வளவுதானா?” மொட்டையை இன்னொரு முறை தடவினான். குரலை இறக்கினான். “நீ காய்ச்சுற அந்த எண்ணெய்யில ஒரு போத்தல் குடேன்கா. நிச்சயத்துக்குள்ள கொஞ்சமாச்சும் வரணும்லா.”

நான் இலையில் இருந்த வடையை எடுத்துக் கடித்தேன். மெதுவாக மென்று விழுங்கினேன். பிறகு அவனிடம் சொன்னேன்.

“கறிவேப்பிலை பசார்ல விக்கிறாங்க. அடுப்பு உன் வீட்டுலயும் இருக்கு. நீயே காய்ச்சிக்கடா.”